பாலூட்டும் தாய் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது

பச்சைப்பிள்ளையின் மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் வருகிறது, கன்னத்தில் கரப்பான் ஆறாமல் நிற்கிறது, பால் குடித்ததும் வாந்தி எடுத்து எடை ஏறவில்லை என்றால், தாய் சாப்பிடும் ஏதோ ஒன்று தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வெறும் அழுகையும் பச்சை மலமும் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. தாயின் காம்பு வெடித்துக் கசியும் இரத்தத்தைப் பிள்ளை விழுங்கினாலும், ஆசனவாயில் கீறல் இருந்தாலும் மலத்தில் இரத்தம் தெரியும். அதனால் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மலம் பட்ட துணியைப் படமெடுத்துக் கொண்டு போனால் அவருக்கு உதவும்.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் இப்படி ஏதாவது வந்தால் உடனே மீன், நண்டு, இறால், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, பச்சை உடம்புக்காரிக்கு ரசஞ்சோறு மட்டும் போடுவார்கள். இந்தப் பத்தியத்தில் தாய் மெலிந்துபோவாள். பிள்ளைக்குச் சரியானாலும் காரணம் எது என்று கடைசி வரை தெரியாது. பெரும்பாலும் காரணமாக இருப்பது பசும்பால் புரதம். ஆகவே முதலில் அதை மட்டும் நிறுத்துங்கள். காரல் மீன் சொதி, பூண்டு போட்ட நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் தொடரட்டும். தேங்காய்ப்பாலுக்கும் தடையில்லை. சுறாப் புட்டை மட்டும் தவிர்ப்பது நல்லது. சுறாவில் பாதரசம் சேரும் என்பதுதான் காரணம், ஒவ்வாமை அல்ல.

பசும்பாலை நிறுத்துவது என்றால் முழுக்க நிறுத்த வேண்டும். டீயில் ஊற்றும் அரை டம்ளர் பாலும் கணக்குத்தான். அந்த நாள்களில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, சுக்குக் காப்பி குடிக்கலாம். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகாது, அவற்றின் புரதமும் ஏறக்குறைய அதேதான். தயிர், மோர், வெண்ணெய், பால்கோவா எல்லோருக்கும் நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நுழைபவைதான் காரியத்தைக் கெடுக்கும்: தயிரில் ஊறிய பிரியாணிக் கறி, நெய் விட்டுக் கிண்டிய பிரசவ லேகியம், பன், ரஸ்க், பிஸ்கட், தாய்மாருக்கென்று விற்கும் சத்துமாவு டப்பாக்கள். நெய்யிலும் சிறிது பால் புரதம் ஒட்டியிருக்கும். லேகியத்தை நல்லெண்ணெயில் கிண்டச் சொல்லுங்கள். பொட்டலத்தில் பால்பவுடர், வே (whey), கேசின் (casein) என்று இருந்தால் வாங்காதீர்கள், கடைசி இரண்டும் பால் புரதத்தின் பெயர்கள். இன்னொன்று: இடையில் பாலாடையில் பசும்பாலோ சாதாரணப் பால்பவுடரோ ஊட்டிக்கொண்டிருந்தால், தாய் எத்தனை பத்தியம் இருந்தும் பலனில்லை.

இப்படி 2 வாரம் இருக்க வேண்டும். கரப்பானுக்கு 4 வாரம் வரை பிடிக்கலாம். தாய்ப்பாலிலிருந்து புரதம் சில நாளில் போய்விடும், ஆனால் புண்பட்ட குடலும் தோலும் ஆற நேரம் எடுக்கும். மூன்றாம் நாளே ‘பலனில்லை’ என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. சாப்பிட்டது, மலம், தோல் மூன்றையும் தினம் ஒரு வரி எழுதி வையுங்கள்.

சுண்ணாம்புச் சத்தை விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 6 மாதம், தினம் இரண்டு வேளை சாப்பாட்டோடு போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்க்காமல் 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, களியோ கூழோ தினம் ஒரு வேளை வரட்டும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் கை கொடுக்கும்.

குணம் தெரிந்தால் அடுத்த படியை பலர் செய்வதில்லை: பாலைத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. தானாகவே சரியாகியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் இது தேவை. மருத்துவர் சம்மதித்தால் முதல் நாள் கால் டம்ளர், பிறகு அரை, பிறகு வழக்கமான அளவு என ஒரு வாரம் தாய் குடிக்கட்டும். பெரும்பாலும் 3 நாளுக்குள் பழைய தொந்தரவு திரும்பும். திரும்பினால் பால்தான் காரணம், மறுபடி நிறுத்துங்கள். திரும்பவில்லையென்றால் தாராளமாகக் குடிக்கலாம். பிள்ளைக்கு முன்பு உடனே தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வந்திருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

4 வாரத்திலும் மாற்றமில்லையா? பாலைத் திரும்பச் சேர்த்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு முட்டையையோ சோயாவையோ தனியாக நிறுத்திப் பாருங்கள். பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பல், நிறைய இரத்தம், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பு இதில் எது வந்தாலும் உணவுச் சோதனையை விட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பால்தான் காரணம் என்று உறுதியானால், 6 மாதத்தில் கஞ்சி தொடங்கும்போது பிள்ளையின் உணவிலும் பால் சேர்க்காதீர்கள். 9 முதல் 12 மாதத்துக்குள் மருத்துவர் சொல்லும்போது, நன்றாக வெந்த பிஸ்கட் துண்டிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்கலாம்.