பழைய சூப்பர்ஹீரோ படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா? முடிவெடுக்கும் முறை

சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில், 1978ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்தை சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். சிறுவயதில் நான் பலமுறை ரசித்த படம் என்பதால் முன்கூட்டியே எதையும் சரிபார்க்கவில்லை. படத்தின் இறுதியில் நிலநடுக்கத்தால் தரை பிளந்து, கதாநாயகி லோயிஸ் லேனின் கார் அந்தப் பிளவில் சிக்கிக்கொள்ள, மண் உள்ளே சரிந்து அவளை மூடும் காட்சி வந்தபோது, தொடக்கநிலை 1இல் (முதல் வகுப்பில்) படிக்கும் என் மகள் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்மேன் காலத்தையே திருப்பி அவளை மீட்பதையும் மகள் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் மின்தூக்கியின் கதவு திறந்ததும் உள்ளே வர மறுத்துவிட்டாள். “உள்ள மண்ணு வந்தா எப்படிப்பா வெளிய வர்றது?” என்று கேட்டாள். பதினோரு மாடியையும் படிக்கட்டு வழியாகவே இறங்கினோம்.

அப்படியொரு காட்சி இருந்ததே எனக்கு நினைவில் இல்லை. சூப்பர்மேன் பறந்தது மட்டுமே மனத்தில் தங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்தப் பழைய சூப்பர்ஹீரோ படத்தையும் என் நினைவை நம்பிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. அதற்குப் பதிலாக நான் கடைப்பிடிக்கும் முறையை, இதை முதன்முறையாகச் செய்யும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் படம், எந்த வடிவம்

பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ‘பேட்மேன்’ என்ற பெயரில் 1966இல் வந்த படம் வண்ணமயமான நகைச்சுவை. அதே பெயரில் 1989இல் டிம் பர்ட்டன் இயக்கியது இருள் சூழ்ந்த படம். ஆகவே பெயரோடு ஆண்டையும், கூடவே படம் ஓடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன்’ திரையரங்கில் 143 நிமிடம் ஓடியது. தொலைக்காட்சிக்காக நீட்டப்பட்ட வடிவமோ 188 நிமிடம். நீங்கள் ஒரு வடிவத்தைச் சரிபார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வேறொன்றைப் போட்டுவிடாமல் இருக்க, இந்த நிமிடக் கணக்கே எளிய வழி.

இரண்டாம் படி: தரக்குறியீட்டை அது வழங்கப்பட்ட ஆண்டோடு சேர்த்துப் படித்தல்

இதை முதன்முறையாகச் செய்யும் பெற்றோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. சிங்கப்பூரில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் படங்களை ஜி (அனைவருக்கும்), பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு), பிஜி13 (13 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை), என்சி16 (16 வயதுக்குட்பட்டோருக்கு இல்லை), எம்18 (18 வயது நிரம்பியோருக்கு), ஆர்21 (21 வயது நிரம்பியோருக்கு) என ஆறு தரங்களாகப் பிரிக்கிறது. இவற்றில் முதல் மூன்றும் அறிவுரை. என்சி16 முதல் மேலுள்ளவை வயதுக் கட்டுப்பாடு. ஆணையத்தின் இணையத்தளத்தில் படத்தின் பெயரைத் தட்டித் தேடினால் அதன் தரத்தை அறியலாம். ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தால், நீங்கள் பார்க்கப்போகும் வடிவத்துக்கு உரியது எது என்று கவனியுங்கள்.

ஆனால் நம் நாட்டில் பிஜி13 என்ற தரம் 2011ஆம் ஆண்டில்தான் அறிமுகமானது. அதற்கு முன்பு பிஜிக்கு அடுத்த படி என்சி16தான். இடையில் வேறொன்றும் இல்லை. அதனால் 2011க்கு முன் பிஜி பெற்ற ஒரு படம், இன்று தரப்படுத்தினால் பிஜி13க்குப் போகக்கூடியதாக இருக்கலாம். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பிஜி-13 வந்தது 1984 ஜூலையில். 1978ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன்’ பெற்ற பிஜி, அந்த இடைப்படி இல்லாத காலத்தில் வழங்கப்பட்டது. பிரிட்டனில் ‘12’ (12 வயது நிரம்பியோருக்கு) என்ற புதிய தரம் 1989இல் வந்தபோது அதை முதலில் பெற்ற படமே பர்ட்டனின் ‘பேட்மேன்’.

நாட்டுக்கு நாடும் அளவுகோல் மாறும். 2004இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 2’ அமெரிக்காவில் பிஜி-13, பிரிட்டனில் பிஜி. ஆகவே பழைய குறியீடு பிஜி என்று கண்டால், ‘இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். என்சி16 அல்லது அதற்கு மேல் என்று கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாம் படி: உங்கள் வீட்டுப் பட்டியல்

கூடத்தில் யார் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவருக்கு ஒவ்வாததை ஒரு வரியில் குறியுங்கள். என் மகளுக்கு மூச்சு முட்டும் காட்சிகளும், பெற்றோர் இறக்கும் காட்சிகளும் ஆகாது. இரண்டாவதைத் தவிர்ப்பது கடினம். சூப்பர்ஹீரோ கதைகளில் பாதி, நாயகன் பெற்றோரை இழப்பதில்தான் தொடங்குகின்றன. ‘சூப்பர்மேனில்’ அவன் பிறந்த கோளே பெற்றோரோடு அழிகிறது, பின்பு வளர்ப்புத் தந்தையும் மாரடைப்பால் இறக்கிறார். அண்மையில் தாத்தாவையோ பாட்டியையோ இழந்த குழந்தை வீட்டில் இருந்தால், வில்லனின் வெடிகுண்டைவிட இந்த அமைதியான மரணம்தான் அதிகமாக வலிக்கும்.

பெரியவர்களையும் பட்டியலில் சேர்க்க மறவாதீர்கள். அதே படத்தில், லோயிஸ் மாடத்தில் சூப்பர்மேனைப் பேட்டி காணும்போது, தன் உள்ளாடை என்ன நிறம் என்று அவனிடம் கேட்பாள். குழந்தைக்கு அது புரியாமல் போய்விடலாம். ஆனால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்த வசனம் கூடத்தில் ஒலிக்கும்போது, தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைத் தேடுவது நம் கைதான். அந்தக் காலப் படங்களில் நல்லவர்களும் சர்வ சாதாரணமாகப் புகைபிடிப்பார்கள், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நீங்கள் முன்கூட்டியே பார்த்தல்

பிள்ளைகள் உறங்கிய பிறகு, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முழுப் படத்தையும் பார்க்க நேரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதல் இருபது நிமிடம், வில்லன் முதன்முதலில் ஒருவரைத் தாக்கும் இடம், கடைசி அரை மணி நேரம் ஆகிய மூன்றையும் கட்டாயம் பாருங்கள். வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒலியையும் குறைக்காதீர்கள். ‘ஸ்பைடர்மேன் 2’இல் அறுவைச் சிகிச்சை அறைக் காட்சி ஒன்று உண்டு. வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் முதுகில் ஒட்டிக்கொண்ட இயந்திரக் கைகளை மருத்துவர்கள் அறுத்தெடுக்க முனையும்போது, அக்கைகள் திடீரென உயிர்பெற்று அவர்களைக் கொல்கின்றன. இரத்தம் ஏறக்குறைய இல்லை. அலறலும், நிழலும், தரையைப் பிறாண்டியபடி இழுத்துச் செல்லப்படும் விரல்களும்தான் உண்டு. ஒலியின்றி ஓட்டிப் பார்ப்பவருக்கு அது ஒரு சண்டைக்காட்சி. இருட்டில் ஒலியோடு பார்க்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அது பேய்ப்படம்.

ஒவ்வாத காட்சி தொடங்கும் நிமிடத்தையும் முடியும் நிமிடத்தையும் எழுதிவையுங்கள். பக்கத்தில், அதைத் தாண்டினால் கதை புரியுமா என்று ஒரு சொல்லில் குறியுங்கள். வில்லன் சிரித்துக்கொண்டே கொல்கிறானா என்பதை நான் தனியாகக் கவனிப்பேன். 1989இன் ‘பேட்மேனில்’ வில்லன் ஜோக்கர் கைகுலுக்கும் பாவனையில் ஒருவனை மின்சாரம் பாய்ச்சிக் கருக்கிவிட்டு, அந்தப் பிணத்தோடு பேசிச் சிரிப்பான். ஒரு கட்டடம் இடிந்து விழுவதைவிடக் குழந்தைகளை அதிகம் குழப்புவது இத்தகைய சிரிப்பு. எங்கே சிரிக்க வேண்டும், எங்கே பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஐந்தாம் படி: முடிவு

தாளில் உள்ள காட்சிகளைத் தாண்டியும் கதை நிற்கிறதென்றால் போடலாம். கதையே அந்தக் காட்சிகளின்மேல்தான் நிற்கிறதென்றால் இரண்டு, மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுங்கள். சலிப்பையும் கணக்கில் எடுங்கள்: ‘சூப்பர்மேனில்’ நீல உடையும் சிவப்புப் போர்வையும் கண்ணில் படவே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் பாலர் பள்ளிக் குழந்தை எழுந்து போய்விடலாம்.

படம் போடும் நாளில்

பகல் நேரத்தில், சன்னல் திரைகளைத் திறந்துவைத்துப் பாருங்கள். படம் முடிந்தபின் கீழே விளையாட்டு மைதானத்துக்குப் போகும் அளவுக்குப் பொழுது மிச்சம் இருக்கட்டும். ஆங்கிலம் அறியாத பாட்டிக்குக் கதையைச் சொல்லும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுத்தால், பயமுறுத்தும் இடங்களை அப்பிள்ளையே சொற்களாக்கிக் கடந்துவிடும். காட்சியைத் தாண்டும்போது மறைக்காமல், “இங்கே கார் மண்ணில் மாட்டிக்கொள்ளும், அவன் வந்து காப்பாற்றிவிடுவான், அந்த இடத்தைப் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். பாதியில் நிறுத்த நேர்ந்தால் நிறுத்திய நிமிடத்தைத் தாளில் எழுதி, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலேயே வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இப்போது 1989ஆம் ஆண்டின் ‘பேட்மேன்’ இருக்கிறது. அதற்கு எதிரே மகளே தன் கையெழுத்தில் ‘தொடக்கநிலை 5’ என்று எழுதிவைத்திருக்கிறாள்.