கண்வலிக்கிழங்கு நடுகிறவர்களுக்கு

செங்காந்தளுக்கு மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலி என்றுதான் பெயர். மாநில மலர் என்ற பெருமைக்காக எங்கள் காட்டில் நான் அதை வைக்கவில்லை, விதைக்காகத்தான். விதையில் இருக்கும் கால்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது. வேலியோரம் அழகுக்கு நடுபவர்களுக்கும் முறை இதுதான். பூவில் கையால் மகரந்தம் தடவி மல்லுக்கட்டும் வேலை மட்டும் அவர்களுக்கு இல்லை.

ஆடிப்பட்டத்தில் நடுங்கள். தண்ணீர் தேங்காத செம்மண் வேண்டும், சரளை கலந்திருந்தாலும் பரவாயில்லை. களிமண்ணில் கிழங்கு அழுகிவிடும். கலப்பை போல வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. நுனி உடைந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. அதனால் சாக்கில் கொட்டிக் குலுக்கி வந்த கிழங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு கிழங்கும் 50 கிராமாவது இருக்கட்டும்.

இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு கொடி ஏறும். எங்கள் ஊரில் கிளுவைக் குச்சிக்கா பஞ்சம்? ஆனால் நடும்போதே ஊன்றிவிடுங்கள். முளைத்த பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆவணியிலும் அடங்காது, பிடிமானம் இல்லாத தண்டு ஒடிந்துபோகும்.

சுமார் இரண்டு மாதத்தில் பூ. இங்கேதான் மகசூலே இருக்கிறது. இதழ்கள் மேல்நோக்கி மடங்கிக்கொள்ள, ஆறு மகரந்தத் தண்டுகளும் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூல்தண்டோ அடியிலேயே மடிந்து, அவற்றை விட்டுப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், வேறொரு செடியின் பூவிலிருந்து மகரந்தத் தூளை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, சூல்தண்டின் நுனியில் இருக்கும் சூல்முடியில் தடவுங்கள். புதிதாக விரிந்த, இன்னும் மஞ்சள் மாறாத பூவாகப் பாருங்கள். முழுக்கச் சிவந்தது பார்க்கத்தான் அழகு, அதற்குள் பருவம் தாண்டியிருக்கும். ஆள் கூலிக்குக் கணக்குப் பார்த்து இந்த வேலையைக் குறைப்பவர்கள் பண்ணையத்தில் வேறு எதைக் குறைத்தாலும் தேவலாம் என்பது என் எண்ணம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை, தூள் கரைந்துவிடும்.

இலைக்கருகலும் புழுவும் வரும். காலையில் பூவுக்குப் போகும்போதே இலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கிழங்கு, இலை, விதை எல்லாமே விஷம். கிழங்கைச் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சேனை, வள்ளிக்கிழங்கு வைக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆடு கட்டும் இடத்துக்கு அருகில் நட வேண்டாம்.

தையில் காயின் பச்சை வெளிறும். பறித்துப் பிரித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் விதை இருக்கும், நிழலில் உலர்த்துங்கள். அப்புறம் கொடி காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். சித்திரை வெயிலில் பாவம் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள், அழுகிவிடும். இடம் மாற்றுவதானால் அப்போதுதான் தோண்ட வேண்டும். கடப்பாரை வேண்டாம், களைக்கொத்து போதும்.