செல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினோராம் வகுப்பில் செல் பாடம் வந்ததும் நம் வேலூர்ப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது பட்டப்பெயர்களைத்தான். மைட்டோகாண்ட்ரியா என்றால் ஆற்றல் நிலையம், லைசோசோம் என்றால் தற்கொலைப் பை, உட்கரு என்றால் கட்டுப்பாட்டு மையம். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஆனால் "இந்த உறுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. உறுப்பின் பெயரைப் படிக்கிறோம். அதற்குள் எது போகிறது, எது வெளியே வருகிறது, எது கலக்காமல் தடுக்கப்படுகிறது என்று பார்ப்பதில்லை.

செல்லுக்குள் சவ்வு சூழ்ந்த, சாறு நிறைந்த பையான வாக்குவோலை எடுத்துக்கொள்வோம். "தாவர செல்லின் நடுவில் உள்ள பெரிய காலியிடம்" என்று எழுதுகிறார்கள். படத்தில் அது வெறும் வெள்ளையாக இருப்பதால் வந்த வினை. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காயின் தோலில் தெரிகிற ஊதா நிறம் எங்கே இருக்கிறது? வாக்குவோலுக்குள், ஆந்தோசயனின் என்ற நிறமியாகக் கரைந்திருக்கிறது. காயை வேகவைத்தால் சவ்வுகள் சிதைந்து நிறம் தண்ணீரில் இறங்கிவிடும்.

கத்தரிக்காயை நறுக்கினால் கறுத்துப்போவதும் இதே கதைதான். பீனால் சேர்மங்கள் வாக்குவோலுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கறுக்கவைக்கும் நொதி கணிகங்கள் என்ற வேறு உறுப்புகளில் இருக்கிறது. செல் முழுசாக இருக்கும் வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி பட்டதும் சவ்வு கிழிந்து, இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. நறுக்கியதைத் தண்ணீரில் போட்டுவைப்பது அந்தக் காற்றைக் குறைக்கத்தான். செல்லுக்குள் இத்தனை சவ்வுகள் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, மிகவும் பரவலான பிழை: "விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியா, தாவர செல்லில் அதற்குப் பதிலாகப் பசுங்கணிகம்." இது அடியோடு தவறு. தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. மானாவாரி நிலத்தில் விதைத்த வேர்க்கடலையை நினைத்துப் பாருங்கள். மண்ணுக்கடியில் இருட்டில் முளைக்கிறது. வெளிச்சமும் இல்லை, ஒளிச்சேர்க்கையும் இல்லை. விதையில் சேர்த்துவைத்த எண்ணெயைக் கிளையாக்சிசோம் என்ற சிறு உறுப்புகளின் உதவியோடு சர்க்கரையாக மாற்றி, அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைத் தயாரிப்பதால்தான் முளை மேலே வருகிறது. வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் படம் வரையும்போது பச்சை நிறத்தில் பசுங்கணிகம் வரைகிற பழக்கமும் இருக்கிறது. அந்தத் தோலில் பசுங்கணிகம் கிடையாது. பார்த்ததை வரையுங்கள், புத்தகத்தில் இருப்பதை அல்ல.

சரி, ஆற்றல் முழுவதையும் மைட்டோகாண்ட்ரியாதான் தருகிறதா? அதுவும் இல்லை. குளுக்கோஸ் உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. அதை மட்டுமே நம்பி வாழும் செல்லும் நம் உடலில் உண்டு: முதிர்ந்த சிவப்பணு. அதற்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இருந்தும் சுமார் 120 நாள் ஓடுகிறது. "எல்லா செல்லிலும் உட்கரு இருக்கும்" என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்படியென்றால் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுப்பது எப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. அந்த டிஎன்ஏ வெள்ளையணுக்களிலிருந்து வருகிறது. கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்பார்கள்.

உடல் முழுக்க செல்தான், செல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற எண்ணத்துக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளே பதில் சொல்கின்றன. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும்போது முடியும், செல்கள் அடுக்கடுக்காக இருக்கும் மேல்தோலும் கழன்றுவிடும். அடியில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் நார்கள். அந்த நார் செல் அல்ல. நார்முன் செல்கள் தயாரித்துத் தங்களுக்கு வெளியே அனுப்பிய புரதம். காலில் போடுகிற செருப்பு, செல்கள் போன பிறகும் நிற்கிற அந்த நார்தான்.

அப்படி வெளியே அனுப்புகிற வழியைப் படிக்காமல் விடுவதுதான் இந்தப் பாடத்தில் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். எண்டோபிளாச வலை ஒரு பக்கத்தில், கோல்கை இன்னொரு பக்கத்தில், ரைபோசோம் வேறொரு பக்கத்தில் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தால் மூன்றும் ஒரே வேலையின் அடுத்தடுத்த கட்டங்கள் என்பதே தெரியாமல் போகும். உட்கருவில் டிஎன்ஏயிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ, உட்கரு சவ்வின் துளை வழியாக வெளியேறும். சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் மேல் ஒட்டியிருக்கும் ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கும். வலைக்குள் புரதம் மடிந்து உருவம் பெறும். கொலாஜனின் மூன்று இழைகள் முறுக்கிக்கொள்வதும் இங்கேதான். அந்த முறுக்கு உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். பிறகு பொதிகட்டி அனுப்பும் உறுப்பான கோல்கைக்குப் போய், சிறு பைகளில் ஏறி, செல்சவ்வைத் தாண்டி வெளியே.

இதே பாதையை நம்பித்தான் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோஃபிலியா ஏ நோய்க்கான மரபணு சிகிச்சையைச் செய்தார்கள். ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி இந்த நோயாளிகளுக்குப் போதிய அளவில் இருக்காது. அவர்களுடைய ஸ்டெம் செல்களை எடுத்து, மரபணுவைச் சுமந்து செல்லும் வாகனமாகப் பயன்படுத்திய லென்டிவைரஸ் வழியாக அந்தக் காரணிக்கான மரபணுவை உட்கருவிலுள்ள டிஎன்ஏயோடு சேர்த்து, திரும்ப உடலில் செலுத்தினார்கள். 5 பேருக்குச் செய்த இந்தச் சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. மரபணு உள்ளே போனால் மட்டும் போதாது. அந்த ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கும் ரத்த செல்களின் ரைபோசோமும் வலையும் கோல்கையும் சேர்ந்து உழைத்தால்தான் காரணி ரத்தத்தில் வந்து சேரும்.

இனி சின்னச் சின்னப் பிழைகள். செல்சுவரையும் செல்சவ்வையும் ஒன்றாக எழுதாதீர்கள். தாவர செல்லுக்கு இரண்டும் உண்டு, எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது சவ்வு. செல்சுவர் என்றாலே செல்லுலோஸ் என்றும் எழுதாதீர்கள். பூஞ்சையில் கைட்டின், பாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கான். லைசோசோமின் அன்றாட வேலை தற்கொலை அல்ல, பழுதான உறுப்புகளையும் உள்ளே வந்த அந்நியப் பொருள்களையும் செரிப்பது.

அப்புறம் ரைபோசோம் கணக்கு. பாக்டீரியா ரைபோசோமின் இரு துணை அலகுகளான 50எஸ், 30எஸ் இரண்டும் சேர்ந்தால் 70எஸ். கூட்டிப் பார்த்து 80எஸ் என்று திருத்திவிடாதீர்கள். எஸ் என்பது எடை அல்ல, வேகமாகச் சுழற்றும்போது துகள் படியும் விகிதம். அதில் வடிவத்துக்கும் பங்கு இருப்பதால் சாதாரணக் கூட்டல் இங்கே பலிக்காது. மெய்யுட்கரு செல்லில், அதாவது தாவரம், விலங்கு போன்றவற்றின் செல்லில், 80எஸ் மட்டும்தான் இருக்கும் என்றும் எழுத வேண்டாம். தாவர செல்லின் பசுங்கணிகத்துக்குள் 70எஸ் ரைபோசோம் இருக்கிறது.