பழைய காரில் துரு: டிங்கரிங் கடைக்குப் போகும் முன் நீங்களே பாருங்கள்

சென்னையில் திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்றின் வேலை தெரியும். ஆனால் துரு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைவிட எங்கே பிடித்திருக்கிறது என்பதை வைத்துத்தான் செலவு செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு டார்ச், பழைய ஸ்குரூடிரைவர், சின்னக் காந்தம் போதும்.

1. முதலில் ஆர்.சி.யை எடுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அது முடியப்போகிறது என்றால் ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

2. காரைக் கழுவிக் காயவிடுங்கள்.

3. கால்மிதி மேட், அதன் கீழுள்ள கார்பெட் இரண்டையும் தூக்குங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார் என்றால் இதை விடவே கூடாது. மேலே காய்ந்திருந்தாலும் அடியிலிருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; தகடு உள்ளிருந்தே அரிக்கும். டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் பாருங்கள்.

4. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, ஜாக்கி வைக்கும் இடம், இரண்டையும் ஸ்குரூடிரைவரால் அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் நல்லது. பொரபொரவென்று உதிர்ந்து முனை உள்ளே போனால் தகடு போய்விட்டது. பெயின்ட் பளபளக்கும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லையா? உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டியைக் கனமாகப் பூசியிருக்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

5. இனி முடிவு. பானட், மட்கார்டில் கொப்புளம் மட்டும் என்றால் தாராளமாகச் சரிசெய்யலாம்: உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர், பெயின்ட். கதவே ஓட்டையானால் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவு தேடலாம். ரன்னிங் போர்டும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் வேறு கதை. சின்ன கார்களுக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யலாம். இரண்டு பக்கமும், ஃப்ளோரும் சேர்ந்து போயிருந்தால் என் பேச்சைக் கேளுங்கள், அந்தக் காரில் பணம் போடாதீர்கள். பிரேக் பைப் அரித்திருந்தால் மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

6. கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணே, வெட்டிட்டுத் தகடு வைப்பீங்களா, பட்டி போட்டு மூடுவீங்களா?” பட்டி என்றால் வேறு கடை பாருங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கம் என்றால் டேங்கையே இறக்க வேண்டும். அடியில் கோட்டிங் அடிப்பது எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான். கதவின் அடியிலிருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அந்தக் கோட்டிங் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.