‘பொரோ மீ யுவர் பென்’: இரவல் கேட்பதில் வரும் தவறுகள்

களுவாஞ்சிக்குடியில் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாக்கியம் என்னை விடாமல் துரத்துகிறது: ‘பொரோ மீ யுவர் பென்.’ பேனையை மறந்து வந்த பிள்ளை பக்கத்து வாங்கில் இருப்பவளிடம் இப்படிக் கேட்கும். அவளும் மறுபேச்சின்றிப் பேனையை நீட்டுவாள். அவர்களுக்குள் விளங்கிவிடுகிறது. ஆனால் ஆங்கிலேயர் ஒருவரின் காதில் அது ‘உன் பேனையை எனக்கு இரவல் வாங்கு’ என்பதுபோல விழும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் ஏன் வரவேண்டும் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ‘இரவல் வாங்கினேன்’, ‘இரவல் கொடுத்தேன்’ என்று நாம் பிசகாமல்தானே சொல்கிறோம்? வம்பு அங்கேதான் இருக்கிறது. இரவல் என்பது பெயர்ச்சொல். பொருள் எந்தப் பக்கம் போனது என்பதைப் பின்னால் வரும் வினை சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ திசை வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது: பொரோ என்றால் வாங்குவது மட்டும், லெண்ட் என்றால் கொடுப்பது மட்டும். கொப்பியில் ‘பொரோ – இரவல்’ என்று எழுதி மனப்பாடம் செய்யும் பிள்ளை பாதிச் சொல்லைத்தான் படித்திருக்கிறது. ‘இரவல் வாங்கு’ என்று முழுதாக எழுதவேண்டும். பிறகு ‘கான் ஐ பொரோ யுவர் பென்?’, ‘கான் யூ லெண்ட் மீ யுவர் பென்?’ இரண்டும் தாமாக வரும். வாங்குபவர் நான், கொடுப்பவர் நீங்கள்.

(நாம் உட்காரும் வாங்கும் வாங்கியதுதான். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்த சொல் அது. மொழிகளுக்கிடையே நடக்கும் இந்தக் கைமாற்றையும் ஆங்கிலத்தில் பொரோ என்றே சொல்கிறார்கள்.)

பிள்ளைகளை மட்டும் குறைசொல்லவும் முடியாது. பொரோவின் பழைய ஆங்கில வடிவம் ‘போர்கியன்’. அதன் அடியில் இருக்கும் ‘போர்க்’ என்ற சொல்லுக்குப் பிணை, ஈடு என்று பொருள். நகையை ஈடு வைத்துப் பெரும்போக நெல் வேளாண்மைச் செலவைச் சமாளிக்கும் நம்மவர்களுக்கு ஈட்டுக்கும் கடனுக்கும் உள்ள உறவை விளக்கத் தேவையில்லை. அந்தப் பழைய வினை வாங்குவதையும் கொடுப்பதையும் சேர்த்தே குறித்தது. அதன் உறவான ஜெர்மன் சொல் ‘போர்கன்’ இன்றும் இரண்டுக்கும் வழங்குகிறது. ஆகவே நம் பிள்ளைகள் ஆயிரம் ஆண்டு பிந்தி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பரீட்சையில் இந்தச் சமாதானம் எடுபடாது.

லெண்ட்டின் இறந்தகாலத்தை ‘லெண்டட்’ என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. கடைசி எழுத்து ‘டி’யிலிருந்து ‘ரீ’க்கு மாறவேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் லெண்ட் என்றே நிற்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. நூலகத்தில் புத்தகம் எடுத்ததைச் சொல்லும்போது ‘ஐ பொரோட் இட் ஃப்ரம் த லைப்ரரி’ என்பதே சரி. அங்கே ‘லெண்ட்’ போட்டால் நூலகர் நீங்களாகிவிடுவீர்கள்.

பொருளை வாடகைக்கு எடுக்கும் இடத்தில் பொரோ கூடாது. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பலகையை நாள் வாடகைக்கு விடுபவர் வெள்ளைக்காரரிடம் ‘யூ கான் பொரோ’ என்றால், அவர் இலவசம் என்றே எண்ணி எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். அதற்குரிய சொல் ‘ரெண்ட்’.

‘கைகொடு’, ‘காதுகொடுத்துக் கேள்’ என்பவற்றுக்கு ஆங்கிலத்திலும் லெண்ட் இருக்கிறது: ‘லெண்ட் எ ஹாண்ட்’, ‘லெண்ட் ஆன் இயர்’. ‘கிவ் மீ யுவர் ஹாண்ட்’ என்று மொழிபெயர்த்தால் உதவிக்கு வந்தவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

இலக்கணம் சரியாக இருந்தும் மனம் கோணுவதுண்டு. உயர்ந்தவரிடம் ‘ஈ’, ஒத்தவரிடம் ‘தா’, தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்று கேட்கவேண்டும் எனத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைக்கு முன்னால் வரும் ‘கான்’, ‘குட்’, ‘மே’ செய்கின்றன. தோழியிடம் ‘கான் ஐ பொரோ’ போதும். அதிபரிடம் ‘குட் ஐ’ அல்லது ‘மே ஐ’ என்று தொடங்குவது நல்லது. வெறுமனே ‘கிவ் மீ’ என்பது யாரிடம் சொன்னாலும் அதிகாரமாகவே ஒலிக்கும்.

திருப்பிக் கொடுக்கும்போது ‘ரிட்டர்ன் பேக்’ வேண்டாம், ‘ரிட்டர்ன்’ போதும். பேனை உண்மையிலேயே திரும்பி வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.