விபத்துக் காயத்துக்கு இழப்பீடு: இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நாம் தோற்கும் இடங்கள்

காயம்பட்டது உண்மை. மோதிய காருக்குப் பாலிசி இருந்ததும் உண்மை. அப்படியும் எதிர்பார்த்ததில் கால்வாசிதான் கைக்கு வந்தது என்று புலம்புகிறவர்கள் உண்டு. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்பார்கள். பல நேரம் கம்பெனி புதிதாக எதுவும் செய்வதில்லை. நம் ஃபைலில் இருக்கிற ஓட்டைகளை நீதிபதிக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நிரந்தர ஊனம் ஏற்பட்ட வழக்குகளில் தொகையின் பெரும்பகுதி மூன்று எண்களைப் பொறுத்தது: உங்கள் மாத வருமானம், சம்பாதிக்கும் திறனில் இழந்த சதவீதம், விபத்தில் உங்கள் பங்குத் தவறின் சதவீதம். நடுவில் உங்கள் வயதும் வரும், ஆனால் அதில் யாரும் பெரிதாகச் சண்டை போட முடியாது. முதல் இரண்டை இறக்குவதும் மூன்றாவதை ஏற்றுவதும்தான் கம்பெனி வக்கீலின் வேலை. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பவை.

தவறான கதவைத் தட்டுவது

உங்கள் மேல் மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, மூன்றாம் நபர். அதனால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் மனு, நுகர்வோர் ஆணையத்தில் புகார் என்று அலைவது வீண். போக வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின் கீழ் மனு போட வேண்டும். விபத்து எங்கோ வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். இது தெரியாமல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கெடு விஷயத்தில் அசட்டை வேண்டாம். 2019 திருத்தத்தால், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு வந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது என்பது சரிதான். அதை நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கடைசிவரை அடையாளம் தெரியவில்லை என்றால் பாதை வேறு: 161-வது பிரிவின் கீழ் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய்.

ஆஸ்பத்திரியில் முதல் பத்து நிமிடம்

மொத்த வழக்கும் ஆட்டம் காண்பது பெரும்பாலும் இங்கேதான். அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நான்கு வரி எழுதுவார். தமிழ்நாட்டில் இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்பது பெரும்பாலும் தூக்கி வந்தவரிடம். அந்த ஆள் விபத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். “பைக்கில இருந்து விழுந்துட்டாரு” என்பார். டாக்டரும் அதையே எழுதிவிடுவார். கார் மோதியது என்ற பேச்சே அதில் இருக்காது.

ஒரு வருடம் கழித்து கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுக்கும் முதல் தாள் அதுதான். “ஆஸ்பத்திரியில் தானாக விழுந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள், எஃப்.ஐ.ஆரில் கார் மோதியதாகச் சொல்கிறீர்கள், எது உண்மை?” எஃப்.ஐ.ஆரும் நான்கு நாள் தாமதமாகப் பதிவாகியிருந்தால், காரைப் பிறகு ‘செட்’ செய்தார்கள் என்று வாதம் ரொம்ப சரளமாகப் போகும். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைத் தள்ளக்கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தாமதமும் முரண்பாடும் சேர்ந்து வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே கூட இருக்கிறவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். மோதிய வண்டியின் எண் தெரிந்தால் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டாலும் “கார் மோதியது” என்ற இரண்டு சொல் அதில் இருக்கட்டும். தவறாக எழுதியிருந்தால் போலீஸ் வாக்குமூலத்தில் அதைக் குறிப்பிட்டு, ஏன் அப்படி ஆனது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். வண்டி எண்ணை வைத்து எம்-பரிவாகன் செயலியில் தேடினால் பாலிசி எந்தக் கம்பெனியில், எதுவரை செல்லும் என்பதைப் பார்க்கலாம்.

பதினாறு லட்சம் எப்படிக் கரைகிறது

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 34 வயது, சொந்தத் தொழில், மாதம் 20,000 ரூபாய் வருமானம், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்வோம். பிரணய் சேத்தி வழக்கில் 2017-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, 40 வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். நிரந்தர ஊன வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் உறுதியாகிவிட்டது. ஆக மாதம் 28,000, வருடத்துக்கு 3,36,000. சர்லா வர்மா வழக்கு (2009) தந்த அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்கு, வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 16. பெருக்கினால் 53,76,000. அதில் 30 சதவீதம் 16,12,800 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை போன்றவை இதற்கு மேல்.

இப்போது வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பாயம் 12,000 மட்டும் எடுத்துக்கொள்கிறது: 9,67,680. ஊனச் சான்று பலவீனமாக இருந்து 15 சதவீதம்தான் ஏற்கப்படுகிறது: 4,83,840. உங்கள் பங்குத் தவறு 25 சதவீதம் என்று கழிக்கப்படுகிறது: 3,62,880. சட்டம் அதேதான், காயமும் அதேதான்.

வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. அதைக் கொடுத்த முதலாளியோ கணக்காளரோ கூண்டில் ஏறி ‘நான் கொடுத்ததுதான்’ என்று சொல்லாவிட்டால் அதை உடைப்பது எளிது. வங்கிக் கணக்கில் மாதாமாதம் வந்த சம்பளமும் விபத்துக்கு முன்பே தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கும் வலுவானவை. விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த கணக்கைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு வருமானம் இல்லையே என்று அந்தப் பத்தியைக் காலியாக விடாதீர்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சதவீதம் என்பது டாக்டர் எழுதும் எண் மட்டுமல்ல. நடைமுறையில் மிக அதிகம் பேர் சறுக்குவது இதில்தான் என்பது என் எண்ணம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணம் தந்தது. இடது கையை இழந்தவருக்கு மருத்துவக் கணக்கில் ஊனம் 60 சதவீதம் இருக்கலாம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால், வேலை போகாமலேகூட இருக்கலாம். ஆக உங்கள் வேலையில் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதைச் சாட்சியத்தில் சொல்லியாக வேண்டும். “முன்புபோல் வேலை செய்ய முடியவில்லை” என்ற பொத்தாம்பொதுவான வரியால் பயன் இல்லை. “ஏணியில் ஏற முடியாது, பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க முடியாது, முழங்கால் மடக்கி உட்கார முடியாது, நான் ப்ளம்பர்” என்று சொன்னால் நீதிபதிக்குப் படம் கிடைக்கும். சொல்லாவிட்டால், தொழிலைப் பாதிக்காத ஊனம் என்று முடிவாகி, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று மொத்தமாகப் போட்டு முடித்துவிடும் வழக்கமும் உண்டு.

இன்னொன்று, காலில் 45 சதவீதம் என்றால் உடம்பு முழுவதற்கும் 45 சதவீதம் ஆகாது. சான்று எதைச் சொல்கிறது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். முடிந்தவரை சிகிச்சை செய்த டாக்டரையே சாட்சியாக அழையுங்கள். உங்களை ஒரே ஒரு முறை பார்த்துச் சான்று கொடுத்தவரைவிட அவர் வார்த்தைக்கு எடை அதிகம்.

லைசென்ஸ், மூன்று பேர் என்றதும் பயந்துவிடுவது

உங்களிடம் லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர் போனீர்கள், எனவே பாதிதான் தருவோம் என்று கம்பெனித் தரப்பில் சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை. அந்தக் குற்றம் வேறு, விபத்துக்குக் காரணம் எது என்பது வேறு. லைசென்ஸ் இல்லாததே பங்குத் தவறு ஆகிவிடாது என்று 2008-லும், மூன்று பேர் போனதாலேயே பங்குத் தவறு ஆகாது என்று 2020-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த கார் இடித்திருந்தால், உங்கள் பையில் லைசென்ஸ் இருந்தாலும் இடித்திருக்கும்.

அவசரத்தில் போடும் கையெழுத்து

கட்டுப் பிரிக்கும் முன்பே கம்பெனி விசாரணையாளர் வீட்டுக்கு வருவார், நல்லபடியாகவே பேசுவார். எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்பார். படிக்காமல் போடாதீர்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்வதில் தப்பே இல்லை.

இதைவிடப் பெரிய பொறி 164-வது பிரிவு. யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் பெறலாம். உடனே பணம் வேண்டியவர்களுக்கு உதவியான வழிதான். ஆனால் 149-வது பிரிவு சொல்லும், கம்பெனியோடு சமரசம் செய்யும் நடைமுறைப்படி அதை ஏற்றுக்கொண்டால் 166-வது பிரிவில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே பார்த்த பதினாறு லட்சக்காரர் இரண்டரை லட்சத்தோடு நின்றுவிடுவார்.

லோக் அதாலத்தும் (வழக்கைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) இப்படித்தான். வருடக்கணக்கில் இழுக்கும் வழக்கு ஒரே நாளில் முடிவது பெரிய விஷயம், நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. சிகிச்சை முடியாமல், ஊனச் சான்று கையில் இல்லாமல் அங்கே போய் உட்காராதீர்கள். காலில் வைத்த ப்ளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமென்றால் அதன் செலவையும் இப்போதே டாக்டரின் மதிப்பீட்டோடு கேட்டாக வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு கூடுதல் செலவு ஆனது என்று அதே தீர்ப்பாயத்துக்குத் திரும்பிப் போக முடியாது. மருத்துவ பில்களை மெடிக்ளெய்ம் கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்தால், அனுப்பும் முன் சான்றளித்த நகல் எடுத்து வையுங்கள்.

கமிஷன் பேசி வருகிறவர்கள்

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே ஆள் வரும். செலவு எல்லாம் எங்களுடையது, வருவதில் முப்பது சதவீதம் கொடுத்தால் போதும் என்பார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் வரும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வெற்று வக்காலத்திலும் (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு சமரசத் தொகை எவ்வளவு என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

தீர்ப்பு வந்ததும் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். எந்த வருமானம் எடுத்தார்கள், எதிர்கால வளர்ச்சிக்கு உரிய சதவீதத்தைக் கூட்டினார்களா, வயதுக்குச் சரியான எண்ணால் பெருக்கினார்களா, வட்டி எந்தத் தேதியிலிருந்து என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கூட்டலிலேயே பிழை இருக்கலாம். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. தகராறில் இருக்கும் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் அந்த வழி கிடையாது.