பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர் வச்ச) புல்லட்ட வீட்லயே ரெடி பண்ண நினைக்கிறீங்களா? பெயிண்ட்ட கடைசியா வச்சுக்கோங்க

என் முதல் புல்லட்ல டேங்க்குக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்சுட்டுதான் என்ஜின் பக்கமே போனேன், பெட்ரோல் ஊத்தின மறுநாள் அடியில ஊசி ஓட்டை வழியா கசிஞ்சு பெயிண்ட் மொத்தமும் உப்பிப் போச்சு. அதனாலதான் சொல்றேன், வண்டி ஓடணும், அப்புறம்தான் கலரு.

வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கையும் வண்டியில பஞ்ச் பண்ணியிருக்க என்ஜின் நம்பர், சேஸ் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. நம்பர் ஒத்துப்போகலன்னா எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும் வேணாம். அப்புறமா ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் குடுக்கும்போதும் அந்த நம்பர் மேல டேப் ஒட்டிக் குடுங்க, கோட்டிங் கெட்டியா ஏறிட்டா நம்பர் தெரியாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நின்னு அல்லாடணும்.

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா வந்த உடனே கிக்கர் மேல ஏறி மிதிக்காதீங்க. பிளக்க கழட்டி அந்த ஓட்டை வழியா டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊத்தி மூணு நாலு நாள் விடுங்க, அப்புறம் டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்த மெதுவா முன்னும் பின்னும் அசைங்க, பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல ஒட்டியிருந்தா பெரும்பாலும் விட்டுடும்.

கழட்டும்போது ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுங்க, ஒயர்ல டேப் ஒட்டி பேர் எழுதுங்க, போல்ட்டுகள தனித்தனி கவர்ல போடுங்க. ஒரு முக்கியமான விஷயம், பழைய புல்லட்ல பாதி நட்டு இங்கிலாந்து கணக்கு, 1955ல இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோட சேர்ந்து சென்னையில ஆரம்பிச்ச வண்டி இல்லையா, அந்த அளவே ரொம்ப வருஷம் தொடர்ந்துச்சு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு அழுத்தினா முனை மழுங்கிடும், விட்வொர்த் (அந்தப் பழைய இங்கிலாந்து அளவு) ஸ்பேனர் செட் ஒண்ணு தேடி வாங்கிடுங்க.

டேங்க் உள்ள துருன்னா ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் வினிகரும் போட்டு ஒரு நாள் ஊற வச்சு நல்லா குலுக்குங்க, அப்புறம் சோடா மாவு கரைச்ச தண்ணில கழுவி உடனே காய வச்சு உள்ள ஆயில் ஓட்டி விடுங்க, ஈரத்தோட ஒரு ராத்திரி விட்டா மறுபடி துருதான். ஓட்டை இருந்தா வெல்டிங் வீட்ல பண்ணவே பண்ணாதீங்க, காலி டேங்க்ல இருக்க பெட்ரோல் ஆவி வெடிக்கும், அது தெரிஞ்ச பட்டறையில குடுங்க.

350 புல்லட் என்ஜின் 70 மி.மீ. போர் (சிலிண்டரோட உள் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்), 346 சிசி. போர் தேஞ்சிருந்தா லேத்ல ரீபோர் பண்ணி (சிலிண்டர உள்ள கடைஞ்சு) ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும், ஆனா பிஸ்டன வாங்கி கையில குடுத்துட்டு அதுக்கு அளந்து போர் பண்ணச் சொல்லுங்க. பாயிண்ட் (பிளக்குக்கு பொறி வர வைக்கிற காண்டாக்ட்) கேப் 0.35ல இருந்து 0.40 மி.மீ. டேப்பெட் (வால்வ் இடைவெளி) என்ஜின் ஆறினப்புறம்தான் பாக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன்ல மேல இருக்கும்போது புஷ் ராட் (வால்வுக்குத் தள்ளுற கம்பி) விரலால சுத்தணும், ஆனா மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ராக்கர் (வால்வ அமுக்குற கை) மேல ஆயில் ஊத்திடுங்க. இக்னிஷன் ஆன் பண்ணிட்டு கிக்கர மெதுவா அழுத்துங்க, காலுக்கு கெட்டியா தட்டுற இடத்துல அம்மீட்டர் (கரண்ட் காட்டுற மீட்டர்) முள் நடுவுல வரும், டிகம்ப்ரஷன் லிவர (சிலிண்டர் அழுத்தத்த வெளிய விடுற லிவர்) பிடிச்சு கொஞ்சமே கொஞ்சம் தாண்ட விட்டு லிவர விட்டுடுங்க, கிக்கர மேல வர விட்டு அப்புறம் ஒரே முழு மிதி. அவசரத்துல பாதி மிதிச்சா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிடும். ஓட ஆரம்பிச்சதும் ராக்கருக்குப் போற ஆயில் பைப் போல்ட்ட லேசா லூஸ் பண்ணிப் பாருங்க, ஆயில் கசியலன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, பம்ப்ப பாக்காம மறுபடி ஓட்டாதீங்க.

500 கிலோமீட்டர் பொறுமையா ஓட்டி, ஆயில் மாத்தி, கசிவெல்லாம் அடைச்சப்புறம் பெயிண்ட்டுக்குப் போங்க. டேங்க்ல வர்ற அந்தத் தங்கக் கோட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர் வேணாம், ஃபேக்டரியில அத பிரஷ்ஷால கையில இழுத்தாங்க. உங்க ஊர்ல போர்டு எழுதுற பெரியவர் யாராவது இருந்தா வண்டியோட போய்க் கேளுங்க.